டாஃப்னியாவின் கணக்கும் நானுஓயாத் தண்ணீரும்

தேயிலை மலையில் புல்லுக்கும் பூஞ்சைக்கும், பக்கத்துப் பாத்தியில் லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் அடிக்கிற மருந்துகள் கடைக்கு வருமுன் அநேகமாக எல்லாமே ஒரு கண்ணாடிக் குவளையைக் கடந்தவை. குவளைக்குள் இருந்தது டாஃப்னியா மேக்னா. நீர்த்தெள்ளு இனம், நன்றாக வளர்ந்த பெண்ணே ஐந்து மில்லிமீற்றர் அளவுதான். மருந்து கலந்த தண்ணீரில் அவற்றின் குஞ்சுகளை விட்டு, இரண்டு நாளில் எத்தனை முடங்கின என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து பிறக்கும் ஓர் இலக்கம் உலகமெங்கும் பீடைகொல்லிப் பதிவுக் கோப்புகளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. நம் ஊரில் அந்தக் கோப்புகளைப் பார்க்கும் பொறுப்பு, 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, பேராதனை கெட்டம்பேயிலுள்ள பீடைகொல்லிப் பதிவாளருக்கு உரியது. நீரில் வாழும் சிற்றுயிர்கள் சார்பில் அங்கே முதலில் பேசும் சாட்சி இந்த டாஃப்னியா. சாட்சி பொய் சொல்வதில்லை. நாம் கேட்காத கேள்விக்கும் அது பதில் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு.

சோதனையின் ஒழுங்கு மெச்சத்தக்கது. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு, ஓஈசிடி, 1984இல் தன் 202ஆம் இலக்க வழிகாட்டியாக இதை வெளியிட்டது. இன்று வழக்கில் இருப்பது 2004இல் திருத்திய வடிவம். பிறந்து 24 மணி நேரம் தாண்டாத குஞ்சுகள். மருந்தின் குறைந்தது ஐந்து செறிவுகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 20 குஞ்சுகள், வழக்கமாக ஐந்தைந்தாக நான்கு குவளை. வெப்பநிலை 18 முதல் 22 பாகைக்குள். 48 மணி நேரத்துக்குத் தீனி கிடையாது. குவளையை மெல்ல அசைத்துவிட்டு 15 வினாடிக்குள் நீந்தாத குஞ்சு முடங்கியதாகக் கணக்கு. இவ்வளவு சிறிய உயிரில் சாவை நிச்சயமாகச் சொல்வது கடினம் என்பதால் அசையாமையை அளவுகோலாக வைத்தது நல்ல யோசனை. பாதிக் குஞ்சுகளை முடக்கும் செறிவுதான் ஈசி50. மருந்தில்லாத குவளையில் பத்தில் ஒன்றுக்கு மேல் முடங்கினால் முழுச் சோதனையும் செல்லாது.

டாஃப்னியா பெரும்பாலும் ஆண் துணையில்லாமல் பெருகுவதால் ஒரே தாயின் வழிவந்த பெண்கள் ஆய்வுகூடம் முழுவதும் நிரம்பிவிடும். மரபு வேறுபாட்டால் வரும் குழப்பம் இல்லை. இடம் சிறிது, செலவு சிறிது, மீன்களைக் கொல்ல வேண்டியதில்லை. 1944இல் அமெரிக்க விலங்கியலாளர் பெர்ட்டில் ஆண்டர்சன் தொழிற்சாலைக் கழிவிலுள்ள பொருட்களின் நச்செல்லையை டாஃப்னியாவைக் கொண்டு அளந்து எழுதியபோது அவருக்குத் தேவைப்பட்டதும் இதுதான்: விரைவாக, மலிவாக, ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடிய அளவு. அந்த வேலையை இது இன்றும் நன்றாகவே செய்கிறது. குளோர்பைரிபாஸ் போன்ற ஒரு மருந்தைக் கொடுத்துப் பாருங்கள்; லீற்றருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே குஞ்சுகள் முடங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். பல இரசாயனப் பகுப்பாய்வுக் கருவிகள் சிரமப்பட்டுக் கண்டுபிடிக்கும் அளவு அது.

ஆனால் துல்லியம் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வுகூடம் ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்கப் பொட்டாசியம் டைகுரோமேற்று கொடுத்துச் சோதிப்பார்கள். 24 மணி நேர ஈசி50 லீற்றருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் வந்தால் சரி என்பது சர்வதேச நியமம். அதாவது, ஒரே நஞ்சுக்கு மூன்றரை மடங்கு வித்தியாசமான இரண்டு விடைகளும் சரியான விடைகளே. உயிர்களை வைத்துச் செய்யும் அளவீட்டில் இது வெட்கப்படவேண்டிய விஷயமில்லை. வகைப்படுத்தும் முறையில் ஒரு மில்லிகிராமுக்குக் கீழே முதல் வகை, அதற்கு மேல் பத்து வரை இரண்டாம் வகை என்று கத்தியால் கோடு கிழித்து, செத்த மீனும் மொட்டை மரமும் உள்ள சின்னத்தை ஒட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போதுதான் இந்த மூன்றரை மடங்கை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இனி முக்கியமான குறைக்கு வருகிறேன். ஈசி50 என்பது நஞ்சின் குணம் மட்டும் போலத் தாளில் நிற்கிறது. உண்மையில் அது நஞ்சு, அந்தத் தண்ணீர், அந்த உயிர், அந்த 48 மணி நேரம் நான்கும் சேர்ந்து தரும் விடை. நுவரெலியா மலைகளிலிருந்து இறங்கும் நானுஓயாவில் நஞ்சு அதுவே. மற்ற மூன்றும் மாறிவிடுகின்றன.

தண்ணீரில் தொடங்கலாம். தேயிலையில் கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கு வந்தது. மூடுபனியும் தூறலுமான மாதங்களில் கொழுந்தையே தின்றுவிடும் பூஞ்சை அது. உயர்ந்த மலைகளில்தான் அதன் கை ஓங்கும். அன்றிலிருந்து இன்றுவரை அதற்கு எதிரான முதல் ஆயுதம் செம்பு. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வளர்ந்த காலத்தின் பெரும் வெற்றிகளில் இந்தச் செம்பு மருந்தும் ஒன்று என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் செம்பு மண்ணில் சிதைந்து மறையாது. தலைமுறை தலைமுறையாக அடித்த செம்பு மேல்மண்ணில் தங்கி, மழையில் கான்வழியே மண்ணோடு சேர்ந்து இறங்குகிறது.

தண்ணீரில் வாழும் உயிருக்குச் செம்பு எவ்வளவு நஞ்சு என்பது தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் நிறைய இருந்தால் அவை செம்போடு போட்டியிட்டு உயிரின் செவுள்பரப்பில் அது ஒட்டுவதைத் தடுக்கும். 202ஆம் வழிகாட்டி டாஃப்னியா மேக்னாவுக்குப் பரிந்துரைப்பது லீற்றருக்கு 140 முதல் 250 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள தண்ணீர். அந்த உயிருக்கு அது உகந்த தண்ணீர் என்பதில் சந்தேகமில்லை. சுண்ணாம்புப் பாறை நிறைந்த ஐரோப்பிய நாட்டு ஆறுகளுக்கும் அது பொருந்தலாம். நம் மலைநாடு பழமையான படிகப் பாறை மேல் நிற்கிறது. சுண்ணம் அதிகம் கரைந்து வராது. பீலித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டவருக்கு இது ஆய்வுகூடம் போகாமலே தெரியும்: கொஞ்சம் தேய்த்தாலே நுரை பொங்கும், அலசினால் இலேசில் போகாது. அப்படிப்பட்ட மென்னீரில் செம்பின் நச்சுத்தன்மை கூடும். ஆகவே கடின நீரில் அளந்த ஈசி50ஐ அப்படியே நானுஓயாவுக்குக் கொண்டுவந்தால், மருந்து இங்கே தன் தாளில் இருப்பதைவிட அதிகம் கடிக்கும்.

மறுபக்கமும் உண்டு. சருகும் மட்கும் கரைந்த பழுப்பு நிறத் தண்ணீர் செம்பைக் கட்டிப்போட்டுச் சாதுவாக்கிவிடும். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2007இல் நன்னீர்ச் செம்பு வரையறையைக் கடினத்தன்மை ஒன்றை மட்டும் வைத்துக் கணிப்பதை விட்டு, கரைந்த கரிமம், அமிலத்தன்மை எல்லாம் சேர்த்துக் கணிக்கும் மாதிரிக்கு மாறியதற்குக் காரணம் இதுதான். ஒரு பெரிய நாடு தன் ஆறுகளுக்கு ஒரே இலக்கம் செல்லாது என்று ஒப்புக்கொண்டது என்று இதைப் படிக்கலாம்.

அடுத்தது, அந்த உயிர். நுவரெலியாச் சுற்றுவட்டாரத்து மரக்கறித் தோட்டங்களில் அசுவினி போன்ற சாறுறிஞ்சிகளுக்கு அடிக்கும் மருந்துகளில் இமிடாகுளோபிரிட் ஒன்று. டாஃப்னியாவைக் கேட்டால் இது பசு. 48 மணி நேர ஈசி50 லீற்றருக்கு ஏறத்தாழ 85 மில்லிகிராம். அந்த இலக்கத்தை மட்டும் பார்ப்பவர் தண்ணீருக்கு ஆபத்தில்லாத மருந்து என்றே எண்ணுவார். ஆனால் டாஃப்னியா ஓடுடைய இனத்தைச் சேர்ந்தது, இறால் நண்டுக்கு உறவு. இமிடாகுளோபிரிட் குறிவைப்பதோ பூச்சியின் நரம்பு. கல்லுக்கடியில் ஒட்டிக்கொண்டு வாழும் ஈசல்போன்ற மேஃப்ளை இளம்புழுக்களும், சேற்றில் இருக்கும் கைரோனொமிட் புழுக்களும் மைக்ரோகிராம் அளவிலேயே விழுந்துவிடுகின்றன. ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2013இல் மேஃப்ளை இளம்புழுக்களை நான்கு வாரம் வைத்துப் பார்த்தபோது பாதிப்பு லீற்றருக்கு ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒன்றுக்கும் கீழேயே தொடங்கியது. ஐரோப்பா 2018இல் திறந்தவெளிப் பயிர்களில் இதைத் தடைசெய்தது தேனீக்களுக்காக. ஆற்றுப் பூச்சிகளுக்காகக் குரல் கொடுத்தவர்கள் குறைவு.

இங்கே டாஃப்னியாவைக் குறை சொல்ல முடியாது. தனக்குத் தெரிந்ததை அது சரியாகச் சொன்னது. இன்னொன்றையும் கவனியுங்கள்: டாஃப்னியா குளத்து உயிர். நிற்கும் தண்ணீரில் மிதந்து பாசி வடித்துத் தின்னும். நானுஓயா போலப் பாறையில் மோதி இறங்கும் ஓடையில் அதற்கு வாழ்வில்லை. அங்கே இலைச்சருகைத் தின்று, பாசியைச் சுரண்டி, மீனுக்கு இரையாகிற வேலையெல்லாம் பூச்சிப் புழுக்கள் கையில். ஓடும் தண்ணீருக்கு நிற்கும் தண்ணீரின் உயிர் சாட்சி சொல்கிறது, அதுவும் பூச்சிகொல்லி விஷயத்தில் பூச்சியல்லாத சாட்சி.

மூன்றாவது, நேரம். இது சோதனைக்குச் சற்றுச் சாதகமாகவே சாயும் இடம். சரிவான மலையில் மழைக்குப் பின் கழுவி வரும் மருந்து இரண்டு நாள் ஒரே செறிவில் நிற்காது. சில மணி நேரத்தில் அலையாகக் கடந்துவிடும். அந்த அளவில் 48 மணி நேரச் சோதனை கடுமையானது. ஆனால் அலை ஒன்றோடு முடிவதில்லை. இன்று தேயிலை மலைச் செம்பு, நாளைக்குக் கீழ்ப்பாத்திப் பூச்சிமருந்து, மூன்றாம் நாள் பூஞ்சைமருந்து. ஒரு குவளைக்கு ஒரு மருந்து என்ற ஒழுங்கு ஓடைக்குத் தெரியாது. பட்டினி போட்டு இரண்டு நாள் உயிரோடு இருந்த குஞ்சு பிறகு முட்டை வைக்குமா என்றும் இந்தச் சோதனை கேட்பதில்லை. அதற்கு 21 நாள் எடுக்கும் 211ஆம் இலக்கச் சோதனை தனியாக உண்டு.

கிளைபோசேற்று என்ற களைகொல்லியின் கதையில் இந்தக் குறைகளெல்லாம் ஒரே இடத்தில் கூடின. 2015இல் தடை, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்வு, 2021இல் எல்லா விவசாய இரசாயன இறக்குமதிக்கும் சில மாதத் தடை, 2022இல் மீண்டும் அனுமதி. அத்தனை வாதங்களிலும் சிறுநீரக நோய் வந்தது, அந்நியச் செலாவணி வந்தது, மாற்றுக் களைகொல்லியான எம்சிபிஏயின் எச்சம் தேயிலையில் கூடியதும் ஜப்பான் முகம் சுளித்ததும் வந்தது. ஓயாவிலுள்ள உயிர் எங்கும் வரவில்லை. வந்திருந்தாலும் டாஃப்னியாத் தாளைக் காட்டிச் சமாதானம் சொல்லியிருப்பார்கள்: தூய கிளைபோசேற்று டாஃப்னியாவுக்கு மிகக் குறைந்த நஞ்சு. ஆனால் போத்தலில் வருவது தூய கிளைபோசேற்று இல்லை. இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சவர்க்காரம் போன்ற துணைப்பொருள்தான் சில தயாரிப்புகளில் நீருயிர்களுக்குக் கூடுதல் நஞ்சு என்பது 1979இலேயே அமெரிக்க ஆய்வில் தெரிந்த விஷயம். மூலப்பொருளைச் சோதித்துவிட்டுப் போத்தலை விற்பது, எனக்குத் தெரிந்தவரை, இந்த நடைமுறையின் மிக மலிவான தப்பித்தல். தடைக்காலத்தில் சில தோட்டங்கள் களை எடுக்கச் சுரண்டியைத் திரும்ப எடுத்ததையும் சொல்லவேண்டும். சுரண்டிய சரிவிலிருந்து இறங்கும் சேறு கற்களின் இடுக்கை அடைத்து இளம்புழுக்களின் வீட்டையே மூடிவிடும். அந்தச் சாவுக்கு ஈசி50 கிடையாது.

வெப்பமண்டலத்துக்கு இந்தச் சோதனை ஒவ்வாது என்று பொதுவாக ஒரு விமர்சனம் உண்டு. இலங்கையின் நன்னீர் உயிரியலாளர் சி. எச். பெர்னாண்டோ உட்படப் பலர் வெப்பமண்டலத் தாழ்நிலங்களில் டாஃப்னியா அரிது என்று எழுதியிருக்கிறார்கள். பொலன்னறுவைக் குளத்துக்கு அந்த வாதம் பொருந்தும். ஆண்டுச் சராசரி 16 பாகை அளவில் நிற்கும் நுவரெலியாப் பக்கத்துக்கு வெப்பநிலையைக் காரணம் காட்டுவது வீண் பேச்சு. இங்கே சிக்கல் தண்ணீரின் மென்மையும் ஓட்டமும் பூச்சிகளும்தான். எல்லாக் குறைக்கும் வெப்பமண்டலம் என்ற ஒரே பெயரைச் சூட்டினால் திருத்தவேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

திருத்துவது முடியாத காரியமுமில்லை. பூச்சிகொல்லிகளுக்கு டாஃப்னியாவோடு இரண்டாவது முதுகெலும்பிலி ஒன்றையும் சோதிக்க வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் கேட்கின்றன. அதற்கென்றே கைரோனொமஸ் புழுவை வைத்து 48 மணி நேரத்தில் முடிகிற 235ஆம் இலக்க வழிகாட்டி 2011இலிருந்து இருக்கிறது. பதிவுக் கோப்பில் அந்த ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்கினால் இமிடாகுளோபிரிட்டின் பசுத்தோல் கழன்றுவிடும். சட்டம் புதிதாக எழுதவும் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. செம்புக்கு வேறு வழி: ஒரே சோதனையை ஆய்வுகூடத் தண்ணீரில் ஒரு தடவையும், ஓடைத் தண்ணீரில் ஒரு தடவையும் செய்து இரண்டு விடைகளின் விகிதத்தைப் பார்ப்பது. அமெரிக்கர்கள் 1994இலேயே இதற்கு வழிமுறை வகுத்துவிட்டார்கள். டாஃப்னியா வளர்க்கத் தெரிந்த எந்தப் பல்கலைக்கழக விலங்கியல் துறையும் இதைச் செய்யலாம். மென்னீருக்குப் பழகிய குஞ்சுகளை முன்கூட்டியே வளர்த்துக்கொள்ள வேண்டும் என்ற சிரமம் ஒன்றுதான்.

எந்த இடத்துத் தண்ணீரை எடுப்பது என்பதில்தான் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. நானுஓயா நுவரெலியாப் பட்டணத்துக் கிறகரி வாவியிலிருந்து வெளியேறி, நகரத்து அழுக்கையும் சுமந்துகொண்டு கொத்மலை ஓயாவை நோக்கிப் போகிறது. கரைந்த கரிமம் நிறைந்த அந்தத் தண்ணீரைப் புகையிரத நிலையத்துக்குக் கீழே மொண்டு சோதித்தால் அழுக்கே செம்பைக் கட்டிப்போட்டு, மருந்து சாதுவானது என்று விடை வரும். அந்த விடையைத் தோட்டம் முழுவதற்கும் பொருத்துவது தவறு. எடுக்கவேண்டியது தேயிலை மலைகளுக்கு நடுவே, நகரத்து அழுக்குச் சேருமுன் இறங்கும் சிற்றோடைகளின் தண்ணீரை: கரிமம் குறைந்து, சுண்ணமும் குறைந்து, செம்புக்கு எந்தத் தடையும் இல்லாத தண்ணீர். லயத்துக்குப் பீலி போட்டிருப்பதும் அதே ஓடைகளில்தான்.