கரை அடைத்த கதையும் கழுவேற்றிய கதையும்

ஆவணி மூலத் திருவிழாவில் மதுரைச் சுந்தரேசுவரர் புட்டுத்தோப்புக்கு எழுந்தருள்கிறார். வைகை உடைப்பெடுத்தபோது வந்திக் கிழவிக்காக அவர் கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டையே கூலியாகத் தின்று, பாண்டியனிடம் பிரம்படி பட்ட கதை அங்கே நடித்துக் காட்டப்படுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள 64 விளையாடல்களில் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தவற்றுள் இதுவும் ஒன்று.

கரையைக் குடிமக்களுக்குப் பங்கிட்டு அடைக்கச் சொல்லும் அரசாணை, ஆளில்லாத வீட்டையும் விடாத அந்தக் கெடுபிடி, கூலியாளின் பசி எல்லாம் இக்கதையில் இருக்கின்றன. கோயில் கல்வெட்டுகள் பெரும்பாலும் கொடைகளைப் பேசும். பிட்டு விற்றுப் பிழைத்த கிழவிக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. கோயிலின் கதையைச் சொல்லும் தலபுராணம் அவளுக்கு இடம் தந்தது.

நிலத்தின் நினைவையும் தலபுராணங்கள் காத்திருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் பாடிய கோயிற்புராணம் சிதம்பரத்தைத் தில்லை வனமாகக் காட்டுகிறது. இன்று தில்லை மரத்தைப் பார்க்க வேண்டுமானால் அருகிலுள்ள பிச்சாவரம் போன்ற சதுப்புக் காட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஆனால், வந்தியைப் பாடிய அதே திருவிளையாடலில்தான் சமணரைக் கழுவேற்றிய படலமும் இருக்கிறது. அதில் சமணரை வாதில் வென்றவராக வரும் சம்பந்தர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. ஏட்டைத் தீயிலும் நீரிலும் இட்டு நடத்திய அனல்வாதம், புனல்வாதம் பற்றிய குறிப்புகள் அவருடைய பதிகங்களில் உண்டு, கழுவேற்றம் இல்லை. கழுவேறியவர் எண்ணாயிரம் பேர் என்று விரித்துரைக்கும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல். நடந்ததற்கு உறுதியான சான்றில்லாத ஒரு கொலையை வெற்றியாகக் கொண்டாடுவதைப் பக்தியின் பெயரால் மன்னிக்க முடியாது. பிற்காலத்தவர் தங்கள் சமயப் பகையை முன்னோர் காலத்தின்மேல் ஏற்றிய இடம் இது என்றே கொள்ளத் தோன்றுகிறது.

அச்சில் வார்த்த தன்மை தலபுராணங்களின் இன்னொரு குறை. ஊருக்கு ஊர் இந்திரன் சாபம் நீங்குகிறது, பிரமகத்தி தொலைகிறது. நாட்டுப் படலத்தில் அதே வாளை துள்ளுகிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அன்பர்கள் கேட்டபடி பல தலபுராணங்களை இயற்றினார். வடமொழி மான்மியமே பலவற்றுக்கு மூலம். அவருடைய சொல்வளம் வியக்க வைக்கிறது; ஊரின் தனி முகம்தான் பல இடங்களில் மங்கிவிடுகிறது.

தலபுராணங்களைப் பொய் என்று ஒதுக்குவதும், நடந்த வரலாறு என்று நம்புவதும் வந்திக்கும் சமணருக்கும் ஒருசேரச் செய்யும் அநீதி. கோயில் வாசலில் விற்கும் தலவரலாற்று நூல்களில், மூலநூல் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதையாவது முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும். கழுவேற்றப் படலத்தைச் சொல்லும் பக்கத்தில், சம்பந்தர் பதிகத்தில் இச்செய்தி இல்லை என்பதையும்.