மலையகப் பாடல்களின் இருள்: ஒரு நோக்கு

மலையக வாய்மொழிப் பாடல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை வரலாற்றுச் சான்றுகளாகவே கொள்கின்றனர். கங்காணியிடம் பட்ட கடன், லயத்து வாழ்வு, துரைமாரின் அதிகாரம் ஆகியவற்றுக்கு இவை மேற்கோளாகின்றன. இதனைத் தவறென்று கூறுவதற்கில்லை. எனினும் சான்று பகர்வதற்காக ஒருவரும் பாடுவதில்லையே! இத்தனை இருண்ட பாடல்களை மக்கள் ஏன் விரும்பிப் பாடினர் என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

கோப்பிப் பழம் ஒன்று தவறியமைக்காகச் சின்னத்துரையிடம் உதைபட்டதைக் கூறும் பாடலை மலையகத்தில் அறியாதார் அரியர். 1869 இல் காணப்பட்ட இலைநோயால் கோப்பிச் செய்கை ஏறக்குறைய இரு தசாப்தங்களுள் வீழ்ந்தது. தேயிலை வந்தது. பாடலோ கொழுந்து பறிப்போர் வாயில் வாழ்ந்தது. செய்தியே அதன் உயிரெனின், அதுவும் கோப்பியோடு மடிந்திருக்கும். அதன் ககர ஒலிகள் அடுத்தடுத்து வந்து, வளைந்து வளைந்து மலையேறும் நடையைத் தருகின்றன. அவ்வோட்டம் குலையாமலே, குரல் சற்றும் உயராமலே, உதை வந்து விழுகின்றது. பாடுபவர் இரக்கம் கோரவில்லை. கேட்பவர் நெஞ்சு திடுக்கிடுவது இதனாலேயே.

கிழக்கு இலண்டனில் 2000 ஆம் ஆண்டையொட்டி எழுந்த ‘கிரைம்’ இசையை ஈண்டு ஒப்புநோக்கலாம். சொல்லின் பொருளே அழுக்குப் படிவு என்பதாம். அனுமதி பெறாத வானொலிகளில் வளர்ந்த இவ்விசையில், நிமிடத்துக்கு 140 அளவிலான தாளத்தின் மீது சொற்கள் பொழிகின்றன. டிஸி ராஸ்கலின் முதல் தொகுப்பு 2003 இல் மேர்க்குரி பரிசைப் பெற்றது. அங்கு தற்பெருமை மிகுதி. பாடுபவன் தன் பெயரை ஓயாது உரைக்கின்றான். நம் பாடல்களிலோ பாடியவர் பெயரே இல்லை. ஆயினும் தம் தெருவின் சொற்களை அயலாருக்கு விளக்காமலே கையாளும் துணிவு இரண்டிற்கும் பொது. கவ்வாத்து, பிரட்டுக்களம் முதலிய சொற்களை நம் பாட்டுக்காரரும் எவருக்கும் விளக்கினாரல்லர். தம் வாழ்வின் சொல் தாளத்தில் அமைவதைக் கேட்பதே ஓர் இன்பமன்றோ?

சி. வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என இவற்றைத் தொகுத்தளித்தமை பெருந்தொண்டு. நம் கலைவிழாக்கள் அத்தொண்டுக்கு ஏற்றவாறு நடந்துகொள்கின்றனவா என்பது ஐயமே. மேடையில் இப்பாடல்கள் இழுத்து இழுத்து, வயலினும் புல்லாங்குழலும் விம்மப் பாடப்படுகின்றன. அழும் வேலையை வாத்தியங்கள் முன்னரே முடித்துவிடுவதால், உதை விழும் இடம் எவர் செவிக்கும் எட்டுவதில்லை. தப்பின் துணையோடோ துணையின்றியோ, மலையேறும் நடைவேகத்திலேயே ஒருமுறை பாடிப் பார்க்கட்டும்.