முரக்கஃ ஏடுகளும் ஸனதின் மரபும்

அரபியில் ‘ருக்ஆ’ என்றால் துண்டு. அது துணித்துண்டாகவும் இருக்கலாம். எழுதப்பட்ட காகிதத் துண்டாகவும் இருக்கலாம். அதே வேரிலிருந்து பிறந்த சொல்லே ஸூஃபிகளின் ஒட்டுப்போட்ட ஆடைக்குப் பெயராயிற்று. பல கைகள் எழுதிய எழுத்துகளையும் தீட்டிய ஓவியங்களையும் வெட்டி ஒட்டிச் சேர்த்த தொகுப்பேட்டையும் பாரசீகர் ‘முரக்கஃ’ என்றே அழைத்தனர்.

முன்மாதிரிகளைத் திரட்டாமல் எந்த வடிவமைப்பாளரும் உருவாவதில்லை. எவற்றைத் திரட்டுகிறார் என்பது அவருடைய ரசனையைக் காட்டும். அவற்றை எம்முறையில் வரிசைப்படுத்துகிறார் என்பதே அவருடைய அறிவைக் காட்டும். இவ்வளவுகோலைக் கொண்டு மூன்று தொகுப்புகளை இங்கு மதிப்பிட முயல்கிறோம். உருவச் சித்திரம் பற்றிய ஃபிக்ஹு விவாதம் இக்கட்டுரையின் பொருளன்று.

முதலாவது, ஸஃபவி அரசர் ஷா தஹ்மாஸ்பின் சகோதரர் பஹ்ராம் மீர்ஸாவுக்காக ஹிஜ்ரி 951இல் (1544–45) தூஸ்த் முஹம்மது தொகுத்த முரக்கஃ. இன்று இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனை நூலகத்தில் உள்ளது. தொகுத்தவரே ஓர் எழுத்தணிக் கலைஞர். அவர் ஏட்டின் முகப்பில் ஒரு முன்னுரை எழுதினார். அதில் கலைஞர்களின் பெயர்கள் வெறும் பட்டியலாக இல்லை. ஆசிரியர், மாணவர், மாணவரின் மாணவர் எனத் தொடராக வருகின்றன. இல்கானிய சுல்தான் அபூ ஸயீதின் காலத்தில் (1316–1335) தம் தந்தையிடம் கற்ற அஹ்மத் மூஸா, சித்திரக்கலைக்குப் புதுமுகம் தந்தார் என்கிறார். அவரிடம் கற்றவர் ஷம்ஸுத்தீன், ஷம்ஸுத்தீனிடம் கற்றவர் அப்துல் ஹைய் என்று அத்தொடர் நீள்கிறது. ஏட்டினுள் அஹ்மத் மூஸாவுக்குரியவை எனக் குறிக்கப்பட்ட மிஃராஜ் ஓவியங்களும் இடம்பெறுகின்றன. முன்னுரையில் படித்த பெயரை உள்ளே படைப்பாகவே காண்கிறோம்.

ஹதீஸ் கலை பயின்றோருக்கு இந்த ஒழுங்கு அந்நியமானதன்று. மத்னு எவ்வளவு அழகாயினும் அதன் ஸனதைக் கேட்பது நம் மரபு. தூஸ்த் முஹம்மது அந்தக் கேள்வியைக் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நீட்டித்தார். அதனால் ஏட்டைப் புரட்டும் இளங்கலைஞருக்கு ஒரு வடிவம் மட்டும் கிடைப்பதில்லை. அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்தக் கையில் மாறியது என்பதும் கிடைக்கிறது.

ஆயினும் குறைகளை மறைத்தலாகாது. தொடரின் தொடக்கப் பகுதியில் வரலாறும் புனைவும் கலந்துள்ளன. ஓவியங்களுக்கு அவர் சூட்டிய பெயர்கள் அனைத்தையும் இன்றைய ஆய்வாளர் அப்படியே ஏற்பதில்லை. இவற்றினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு: அந்த மிஃராஜ் ஓவியங்கள் ஒரு நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. ஓவியம் பிழைத்தது, அதனோடு இணைந்திருந்த வாசகம் பிரிந்தது. தொகுப்பவரின் கத்தரிக்கோல் காப்பதோடு அழிக்கவும் செய்கிறது.

இரண்டாவது, அதே நூலகத்திலுள்ள ‘தோப்காபி சுருள்’. 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ ஈரானியப் பகுதியில் உருவானதாகக் கருதப்படும் இது, ஏறத்தாழ 29.5 மீட்டர் நீளமுள்ளது. சுவர்களுக்கும் கவிகைகளுக்கும் முகர்னஸ் அடுக்குகளுக்கும் உரிய 114 வரைவுகள் இதில் உள்ளன. பெயரில்லை, விளக்கமில்லை. பல இடங்களில் ஒரு கோலத்தின் திரும்பத் திரும்ப வரும் அலகு மட்டுமே வரையப்பட்டிருக்கிறது. மையிடாமல் கீறிய கோடுகள் அதன் கட்டுமானத்தைக் காட்டுகின்றன. எஞ்சியது கொத்தனாரின் மனத்தில் இருந்தது. முரக்கஃ ‘யார்’ என்று சொல்கிறது. சுருள் ‘எவ்வாறு’ என்று சொல்கிறது.

மூன்றாவது, ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஓவன் ஜோன்ஸ் 1856இல் வெளியிட்ட ‘அலங்காரத்தின் இலக்கணம்’. 1834இல் கிரானடா சென்று அல்ஹம்ராவை அளந்து வரைந்தவர் அவர். அதன் அலங்காரத்தை உலகக் கலையின் சிகரங்களுள் ஒன்றாக வைத்த அவரது நேர்மையைப் பாராட்டவே வேண்டும். 37 விதிகளையும் 100 வண்ணப் படத்தாள்களையும் கொண்ட அந்நூல், பழைய வடிவங்களை வெறுமனே பிரதி செய்யும் போக்கைத் தடுக்கவே எழுதப்பட்டது என்று அவரே முன்னுரையில் கூறுகிறார். ஆனால் அவர் மேற்கொண்ட ஒழுங்கு அந்நோக்கத்துக்கு எதிராக நின்றது. அரபு, துருக்கி, மூர், பாரசீகம், இந்தியா என இன வாரியாகப் பிரித்து, படத்தாளில் எண்ணிட்ட துண்டுகளாக அடுக்கியதும், கலைஞர் மறைந்து ‘பாணி’ மட்டும் எஞ்சியது. விதிகளைப் படிப்பவர் சிலர். படத்தாளைப் பார்த்து எடுத்துக்கொள்வோர் பலர்.

இன்று அந்தப் படத்தாளின் இடத்தில் கைப்பேசி இருக்கிறது. 2010இல் தொடங்கிய பின்டரெஸ்ட் போன்ற தளங்களில் ‘இஸ்லாமிய வடிவம்’ என்று தேடினால் மொராக்கோ ஓடும் இஸ்ஃபஹான் கவிகையும் உஸ்மானிய எழுத்தணியும் ஒரே பலகையில் குவிகின்றன. பெரும்பாலும் ஊருமில்லை, காலமுமில்லை, கையுமில்லை. அவற்றிலிருந்து நம் பள்ளிவாசல் சுவருக்கும் நிகாஹ் அழைப்பிதழுக்கும் துண்டுகள் வந்து சேர்கின்றன. இதன் விளைவு அழகுக் குறைவு மட்டுமன்று. வாசிக்கத் தெரியாத கையால் பிரதி செய்யப்படும் அரபு வாசகத்தில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் பொருள் மாறிவிடும். தன் ஸனதை இழந்த வடிவத்தைத் திருத்தவும் வழியில்லை. ஏனெனில் எதனோடு ஒப்பிட்டுத் திருத்துவது?

ஆகவே, வடிவமைப்புத் துறையில் அடியெடுத்து வைக்கும் நம் இளைஞர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: குறைவாகச் சேருங்கள். சேர்த்த ஒவ்வொன்றின் கீழும் இடம், காலம், கலைஞர், நீங்கள் அதை எடுத்த மூலம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். கலைஞரின் பெயர் அறியப்படவில்லையெனில் ‘அறியப்படவில்லை’ என்றே குறியுங்கள், அதுவும் அமானிதம்தான். பின்னர் அளவுகோலையும் கவராயத்தையும் எடுத்து, அக்கோலத்தை ஒருமுறையேனும் உங்கள் கையால் கட்டிப் பாருங்கள். தூஸ்த் முஹம்மதின் பெயர்த்தொடரும் பெயரறியாக் கொத்தனாரின் கீறல் கோடும் ஒரே ஏட்டில் சேரும்போதுதான் சேகரிப்பு கல்வியாகும்.