பின்கதவின் ஓரத்து வளைவு

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பிலும் டூல் ரூமிலும் காலம் கழித்தவர்கள் காரைப் பார்க்கும் விதமே தனி. என்ன கம்பெனி, என்ன விலை என்று கேட்கமாட்டார்கள். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் ஓடும் கோட்டைப் பார்ப்பார்கள். கதவு இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவுவார்கள். 1964 முதல் இந்த எஸ்டேட்டும், பக்கத்தில் பாடியிலுள்ள வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். போன்ற ஆலைகளும் பழக்கிவிட்ட கண் அது.

அந்தக் கண்ணால் பார்க்கத் தகுந்த கார் ஒன்றைச் சொல் என்றால் நான் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸைச் சொல்வேன். 1977-இல் தொடங்கி இதுவரை ஏழு தலைமுறை கண்ட கார். அயல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. கடைசி இரண்டு தலைமுறைகளிலும் நம் சிங்கப்பெருமாள் கோவில் ஆலையில் பூட்டிய கார்கள் உண்டு. ஆவடிக்காரர்கள் நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறி, பூந்தமல்லியைத் தாண்டி வண்டலூரில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் அந்த ஆலைக்குப் போய்விடலாம்.

இந்தக் காரில் முதலில் பார்க்க வேண்டியது அதன் முகத்தை அன்று, பின்கதவுக் கண்ணாடி முடிகிற மூலையை. கூரையிலிருந்து சரிந்து இறங்கும் கோடு அடிக்கு வந்ததும், பின்னால் வழிந்து போகாமல் சட்டென்று முன்னோக்கித் திரும்பும். 1961-இல் பி.எம்.டபிள்யூ. 1500 காரில் வந்த வளைவு இது. அப்போது அங்கே பாடி வடிவமைப்புக்குப் பொறுப்பாக இருந்த வில்ஹெல்ம் ஹோஃப்மெய்ஸ்டரின் பெயராலேயே இன்றும் அதைச் சொல்கிறார்கள். அந்த ஒரு திருப்பத்தால் கூரையைத் தாங்கும் பின்தூண் அடியில் அகன்று, பின்சக்கரத்தின் மேல் அழுத்தி உட்கார்கிறது. பின்சக்கரங்கள் தள்ளி ஓடுவதற்கென்று வரைந்த கார் இது என்பது கார் நிற்கும்போதே தெரிந்துவிடுகிறது. ஏழு தலைமுறைகளில் விளக்கு மாறிற்று, கிரில் மாறிற்று, எஞ்சின் மாறிற்று. இந்த மூலை கொஞ்சம் கூர்மையானது, கொஞ்சம் தளர்ந்தது. காணாமல் மட்டும் போகவில்லை.

முதல் தலைமுறை ஓட்டுகிறவனுக்காகச் செய்த கார். நீளம் 4,860 மில்லிமீட்டர். நான்கு வட்ட விளக்குகளோடு மூக்கு முன்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். உள்ளே டேஷ்போர்டின் நடுப்பகுதியை ஸ்டியரிங் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். பிரேக் ஆயில் இருக்கிறதா, ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு பொத்தானை அழுத்திச் சரிபார்த்துக்கொள்ளும் பலகையும் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. அந்தத் தலைமுறையின் உச்சம் 745ஐ என்ற டர்போ கார். டர்போவை வைத்த இடம் வலப்பக்க ஸ்டியரிங் தண்டுக்கு இடைஞ்சல் என்பதால் நம்மைப் போன்ற நாடுகளுக்கு அது வரவேயில்லை. தென்னாப்பிரிக்கக்காரர்கள் மட்டும் விடவில்லை. எம்1 ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினை மாற்றியமைத்து அதில் பூட்டிக்கொண்டார்கள்!

1986-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் பின்விளக்கு 'எல்' வடிவம் எடுத்தது. அடுத்த ஆண்டே 750ஐ. ஐந்து லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், 300 குதிரைத்திறன். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் தயாராகி விற்பனைக்கு வந்த முதல் பன்னிரண்டு சிலிண்டர் கார் அதுதான். வெளியே அதைக் கத்திச் சொல்லவில்லை. கிட்னி கிரில்லை மட்டும் கொஞ்சம் அகலமாக்கினார்கள். தெரிந்தவனுக்கு அது போதும். பதினாறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றையும் இதே பாடிக்குள் சோதனைக்காக இறக்கிப் பார்த்தார்கள். முன்னால் இடமே இல்லாமல் ரேடியேட்டரை டிக்கிக்குக் கொண்டுபோனார்கள். செய்தது ஒரே ஒரு கார்.

மூன்றாம் தலைமுறைக்கு வந்தால் எனக்கு நகர மனம் வருவதில்லை. 1994 முதல் 2001 வரை வந்த, ரசிகர்கள் ஈ38 என்று சொல்லும் கார். ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம், உயரம் 1,435 மில்லிமீட்டர்தான். அந்த நீளத்துக்கு இந்த உயரம் வாய்த்ததில்தான் பாதி அழகு. வெயில் சாய்ந்த நேரத்தில் பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். முன்விளக்கின் மேலோரத்தில் கிளம்பும் தோள்கோடு கைப்பிடிகளுக்கு மேலாக ஓடிப் பின்விளக்கில் முடியும். வழியில் எங்கும் தடுக்காது. அதன்மேல் விழும் வெளிச்சமும் ஒரே இழையாக நிற்கும். கிட்டே போய்க் கதவில் உள்ளங்கையை வைத்தால் இன்னொன்று தெரியும். தட்டையாகத் தோன்றும் அந்தத் தகடு தட்டை இல்லை; மிக லேசாக வெளியே உப்பியிருக்கும். முழுத் தட்டையாக விட்டால் தகடு அதிரும், அழுத்தினால் டப்பென்று உள்ளே போய் வெளியே வரும். உப்பல் அதிகமானாலோ கோடு குலையும். அழுத்தியபின் தகடு திரும்பி நிமிரப் பார்க்கும். அந்த ஸ்பிரிங் பேக்கை முன்கூட்டியே கணக்கில் சேர்த்து டையைக் கடைந்திருக்க வேண்டும். இவ்வளவு குறைவான உப்பலில் இத்தனை நேர்த்தி வர, எத்தனை முறை டையை இறக்கித் தேய்த்திருப்பார்கள்! டை மேக்கர் ஒருவர் இந்தக் கதவின் முன் தொப்பியைக் கழற்றினால் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

பின்கதவைத் திறந்தால் அந்த வளைவும் கதவோடு வரும். கதவுச் சட்டத்தில் உள்ள குட்டிக் கண்ணாடி, அதைச் சுற்றும் பளபளப்புப் பட்டை, ரப்பர் மூன்றும் ஒரே மூலையில் ஒன்றாகத் திரும்புகின்றன. ஒன்றோடொன்று இடிக்காமல் அந்த மூன்றையும் திருப்பியிருப்பதை நின்று பாருங்கள். 1997-இல் வந்த 'டுமாரோ நெவர் டைஸ்' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் பின்சீட்டில் படுத்துக்கொண்டு செல்போனைக் கொண்டு ஓட்டியதும் இந்தத் தலைமுறைக் காரைத்தான்.

நான்காம் தலைமுறை, 2001. கிறிஸ் பேங்கிள் வடிவமைப்புத் தலைவராக இருந்த காலத்துக் கார். டிக்கி மூடி உயர்ந்து, மட்கார்டுகளின் மேல் தனியாக ஏற்றி வைத்ததுபோல் நின்றது. ரசிகர்கள் கொதித்தார்கள், 2005-இல் கம்பெனியே அதைக் கொஞ்சம் தணித்தது. எனக்கும் அந்தப் பின்பக்கம் பிடிக்கவில்லை. ஆனால் பல பொத்தான்களின் வேலையை ஒரே உருளைத் திருகிக்குள் அடக்கிய ஐடிரைவ் இந்தக் காரில்தான் முதலில் வந்தது. அப்போது திட்டியவர்களின் கார்களிலும் பின்னால் அதே போன்ற திருகி வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய எந்தத் தலைமுறையையும்விட இது அதிகம் விற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2008-இன் ஐந்தாம் தலைமுறை அந்தக் கோபத்தை ஆற்றிய அடக்கமான கார். 2015-இன் ஆறாவது, கூரைத் தூண்களில் கார்பன் இழையைச் சேர்த்து எடையைக் குறைத்தது.

இப்போது ஓடும் ஏழாம் தலைமுறையின் முன்விளக்கு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, கிரில்லைச் சுற்றி ஒளி எரிகிறது. முகம் எனக்கு இன்னும் பழகவில்லை. அளவுகளை எடுத்துப் பார்த்தால்தான் கதை புரிகிறது. நீளம் இப்போது 5,391 மில்லிமீட்டர். முதல் காரைவிட 531 அதிகம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் 2,795-இலிருந்து 3,215 ஆயிற்று, அது 420. கூடிய நீளத்தில் ஐந்தில் நான்கு பங்கு சக்கரங்களுக்கு இடையில்தான் போயிருக்கிறது. அதன் பெரும்பயன் பின்சீட்டில் உட்காருகிறவரின் காலுக்கு. கூரையிலிருந்து அவர் முன்னால் 31.3 அங்குலத் திரை இறங்குகிறது, பக்கத்துக் கதவிலேயே தொடுதிரை இருக்கிறது. 1977-இல் ஓட்டுநர் பக்கம் திரும்பியிருந்த கார், தலைமுறைக்குத் தலைமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்சீட்டுக்கு முகம் கொடுத்துவிட்டது.

நம் ஊர் வழக்கத்துக்கு இது பொருத்தம்தான். இந்த வகைக் காரின் முதலாளி இங்கே இடப்பக்கப் பின்சீட்டில் ஏறுகிறார். ஸ்டியரிங் பக்கம் திருப்பிய டேஷ்போர்டின் சுகமெல்லாம் ஓட்டுநர் அண்ணனுக்குத்தான் கிடைத்தது. அவருக்கும் அவர் முதலாளிக்கும் சமமாகப் பங்கு வைத்த கார் மூன்றாம் தலைமுறைதான் என்பது என் தீர்மானம்.

சிங்கப்பெருமாள் கோவில் ஆலை 2007 மார்ச்சில் திறந்தது. முதலில் வெளிநாட்டிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பின்னர் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கோத்துத் தர ஃபோர்ஸ் மோட்டார்ஸ், ஆக்சிலுக்கு இசட்.எஃப். ஹீரோ, சீட்டுக்கு லியர் என்று இங்குள்ள கம்பெனிகள் கை கோத்தன. 2023 ஜனவரியில் அறிமுகமான 740ஐ அங்கே பூட்டிய கார். இங்கேயே வடிவமைத்து இங்கேயே டை வெட்டிய பெரிய சொகுசு செடான் ஒன்று இந்தத் தொழில் தெரிந்த ஊரிலிருந்து வரவேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. அதற்கான கைகள் அம்பத்தூரிலும் பாடியிலும் இருக்கின்றன.

பழைய மூன்றாம் தலைமுறைக் கார் எதுவாவது உங்கள் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தால் ஒரு வேண்டுகோள். பெரிய அலாய் வீலையும் எல்.இ.டி. விளக்கையும் மாட்டி அதைப் புதிதாக்கப் பார்க்காதீர்கள். டிங்கர் பட்டறைக்கு அனுப்பினால் நீங்களும் கூடப் போய், பின்கதவின் மூலையைக் காட்டி, அந்த வளைவில் புட்டி அப்பவேண்டாம், தகட்டைத் தட்டியே எடுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.