டொக்டர் டூம்: திரையிற் குன்றிய ஒரு பாத்திரம்

பகைவனின் பெருமையைக்கொண்டே தலைவனின் பெருமை அளக்கப்படும் என்பது காப்பியம் பயின்றோர் அறிந்ததொன்று. கம்பர் இராவணனுக்கு வீரமும் இசைப்புலமையும் அரச கம்பீரமும் குறைவின்றி அளித்தமை இதுபற்றியே. அமெரிக்கச் சித்திரக்கதைகளிலே அத்தகைய பகைவன் ஒருவனைத் தேடுவோர்க்கு, மாவல் நிறுவன வெளியீடுகளில் வரும் டொக்டர் டூம் முதலில் எதிர்ப்படுவான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வாசகரைக் கவர்ந்துவரும் அப்பாத்திரம் வெள்ளித்திரையில் 1994 முதல் 2015 வரை எடுக்கப்பெற்ற நான்கு படங்களிலும் சிறுத்துப்போனது ஏன் என்பது ஆராயத்தக்கது. சித்திரக்கதையும் ஆராய்ச்சிக்குரிய பொருளோ என வினவுவார் இன்னும் உளர். நாட்டுக்கூத்தினையும் கற்றோர் ஒருகால் அவ்வாறே புறக்கணித்தனர் என்பதை அவர்க்கு நினைவூட்டுதல் போதும்.

ஸ்ரான் லீ, ஜக் கேர்பி ஆகிய இருவரும் ‘ஃபன்டாஸ்ரிக் ஃபோர்’ என்னும் நால்வர் கதையின் ஐந்தாம் இதழில், 1962ஆம் ஆண்டில், டூமை அறிமுகஞ் செய்தனர். அவ்விதழிலே அவன் முகமூடியணிந்த ஒரு கொடியவன்; அவ்வளவே. அவனுக்கு உயிர் வந்தது 1964இல் வெளியான இரண்டாம் ஆண்டிதழிலேயாம். லற்வேரியா என்னும் கற்பனை நாட்டில், அலைகுடிகளான றோமானி மக்களிடையே பிறந்தவன் விக்ரர் வொன் டூம். தாய் சூனியம் பயின்று மாண்டவள்; தந்தை மருத்துவன். பிரபு ஒருவனின் மனைவிக்கு வந்த தீரா நோயைத் தீர்க்க இயலாமையால் அத்தந்தை தண்டனைக்கு அஞ்சி மகனோடு பனிமலைக்குள் ஓடுகின்றான். தன் போர்வையாற் சிறுவனை மூடிக் காத்துத் தான் குளிரால் இறக்கின்றான். பின்னர் அறிவுத்திறத்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலே இடம்பெற்ற விக்ரர், மறுவுலகோடு தொடர்புகொள்ளும் பொறியொன்றை அமைக்கின்றான். அதன் கணக்கிற் பிழையுண்டு என்று எச்சரிப்பவன் உடன்பயிலும் றீட் றிச்சட்ஸ். பின்னாளில் நால்வரின் தலைவனாகப் போகின்றவன். விக்ரர் செவிசாய்த்திலன். பொறி வெடித்து முகம் சிதைகின்றது.

பாத்திரத்தின் ஆணிவேர் இவ்விடத்திலே உளது. வெடிப்பு விதியின் செயலன்று; திருத்தத்தை ஏற்க மறுத்த செருக்கின் விளைவு. பிழையைச் சுட்டியவனையே பிழைக்குக் காரணன் என்று வாழ்நாள் முழுவதும் வெறுப்பதிலேதான் டூமின் உளநிலை அமைந்திருக்கிறது. தன் கணக்குத் தவறியது என்று ஒருகணம் ஒப்புக்கொண்டால் அவன் கட்டியெழுப்பிய அனைத்தும் இடிந்துவிடும். கற்றவர் கூட்டத்தில் இத்தகையோரைக் காண்பதற்கு லற்வேரியா வரை செல்லவேண்டியதில்லை.

இன்னுமொரு நுட்பமுளது. திபெத்திய மடமொன்றில் தனக்கென வார்ப்பித்த இரும்பு முகமூடியை அது முற்றும் ஆறுமுன்னரே அவன் அணிந்துகொள்கின்றான். வெடிப்பினால் உண்டானது சிறுவடு ஒன்றே என்பது கேர்பியின் கருத்து என்பர். ஜோன் பேர்ண் 1985இல் எழுதி வரைந்த இதழொன்று அக்கருத்தையே கதையாக்கிற்று: சிறுவடுவைப் பொறாதவன், கொதிக்கும் இரும்பைத் தானே முகத்திலேற்றி முழுமுகத்தையும் அழித்துக்கொள்கின்றான். குறையை மறைக்க எடுத்த கருவியே குறையைப் பெருக்கும் இக்காட்சி நூறு பக்க உளநூல் விளக்கத்தினும் மேலானது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், புகழ், கொடை என்னும் நான்கனையும் நிலைக்களனாகக் கூறுவர். அவ்வளவுகோலை டூமின்மேல் வைத்து நோக்கின் வியத்தகு பயன் விளையும். கல்வியும் தறுகண்மையும் அவனிடத்து ஐயமின்றி உள. புகழையோ அவன் தன் வாயினாலேயே நாட்டிக்கொள்வான். தன்னைப் படர்க்கையிற் பெயர்சுட்டிப் பேசும் அவனது வழக்கம் வாசகர் அனைவரும் அறிந்தது. கொடை ஒன்றே ஐயத்துக்குரியது. 1987இல் வெளிவந்த ‘எம்பரர் டூம்’ என்னும் நூலில் அவன் உலகனைத்தையும் வசப்படுத்திப் போரும் பசியும் நீங்கிய ஆட்சியைத் தருகின்றான். ஆயினும் ஈவதில் அவனுக்கு இன்பமில்லை. கோப்புகளும் கையொப்பங்களும் சலிப்பூட்ட, பகைவர் தன்னை வெல்லுமாறு விட்டுவிடுகின்றான். வெற்றிகொள்வதில் அன்றி ஆள்வதில் அவனுக்கு வேட்கையில்லை.

ஆனால் கொடை என்பது அவனிடத்து அறவே இல்லை என முடிவுகட்டுவதற்குத் தடையாக நிற்பது றோஜர் ஸ்ரேர்ண் எழுத, மைக் மிக்னோலா வரைந்த, 1989ஆம் ஆண்டு நூலாகிய ‘ட்ரையம்ஃப் அன்ட் ரோமென்ற்’. தாயின் ஆன்மா நரக வேந்தனாகிய மெஃபிஸ்ரோவிடம் சிறைப்பட்டிருக்க, ஆண்டுக்கொருமுறை அவளை மீட்கப் போரிட்டுத் தோற்பவன் டூம். இந்நூலிலே மந்திரவாதி டொக்டர் ஸ்ட்ரேஞ்சைத் துணைக்கு அழைத்துச் செல்லும் அவன், நரகத்தில் அத்துணைவனையே விலையாகக் கொடுத்துத் தாயை மீட்க முனைகின்றான். இவ்விழிசெயல் கண்ட தாய் மகனை வெறுத்து, அவ்விலையில் வரும் விடுதலை வேண்டாவென மறுக்கின்றாள். அம்மறுப்பின் தூய்மையாலேயே அவள் விடுதலை பெறுகின்றாள். ஸ்ட்ரேஞ் தப்புதற்கு வழியும் டூமே வைத்திருந்தான், யாவும் அவன் முன்னரே வகுத்த சூழ்ச்சி, என்பது பின்னர்த் தெரிகின்றது. தாயின் வீட்டுக்காகத் தாயின் அன்பையே அவன் கொடுத்துவிட்டான்; அவள் அதனை அறியாமலே சென்றாள். புகழுக்காகவே வாழ்பவன் புகழை இழந்து செய்த இக்கொடையை வைத்தே அவனைக் கொடியவன் என்ற ஒரு சொல்லில் அடக்கல் ஆகாதென்க.

இனித் திரைக்கு வருவோம். றோஜர் கோமன் தயாரிப்பிலே, திரைப்பட உரிமை காலாவதியாகாதிருக்கும் பொருட்டு மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டதெனக் கூறப்படும் 1994ஆம் ஆண்டுப் படம் முறையாக வெளியிடப்படவேயில்லை. விந்தை என்னவெனில், ஜோசப் கல்ப் அதில் ஏற்ற டூமே, கவசமும் அங்கியும் மிகையான கையசைவும் கொண்டு, மூலத்துக்கு ஓரளவேனும் அணுக்கமாக நிற்கின்றான்.

பெரும்பொருள் செலவிட்ட 2005ஆம் ஆண்டுப் படத்திலோ டூம் நியூயோர்க் வணிகன். ஜூலியன் மக்மஹன் திறமையற்ற நடிகரல்லர். அவர்க்குக் கொடுக்கப்பட்டது வங்கிக் கவலையும் காதற் பொறாமையும் மட்டுமே. நால்வருக்கும் ஆற்றலளித்த விண்வெளி முகில் இவனையுந் தாக்கி உடலை உலோகமாக்குகின்றது. தானே வார்த்து அணிந்த முகமூடி, லற்வேரிய மக்கள் அளித்த பரிசுப்பொருளாகிவிடுகிறது. 2007ஆம் ஆண்டுத் தொடர்ச்சி, சில்வர் சேர்ஃபரின் ஆற்றலை டூம் கவரும் பழங்கதையை எடுத்துக்கொண்டது. 1966, 67ஆம் ஆண்டுகளில் லீயும் கேர்பியும் நான்கு இதழ்களிற் பரப்பி வளர்த்த அந்நிகழ்ச்சி இங்கே ஒரு துரத்தலாய் முடிந்தது. 2015இல் ஜோஷ் ட்ராங்க் இயக்கிய படம் அவனை வேற்றுலகிற் கைவிடப்பட்ட கணினி அறிஞனாக்கிப் பின்னர் உலகை அழிக்க வரும் பேயாக்கிற்று. டொபி கெபெலுக்கு அதிலே அரசுமில்லை, தாயுமில்லை. இறுதியிற் சிலநேரம் தோன்றிக் கொல்வது மட்டுமே உண்டு.

ஐவர்க்கும் ஆற்றல் ஒரே நிகழ்ச்சியால் வரின் திரைக்கதை சுருங்கும், ஒன்றரை மணி நேரத்தில் லற்வேரியாவுக்கும் மந்திரத்துக்கும் இடமேது என்று படத்தார் சார்பில் வாதிடலாம். அவ்வாதம் முற்றும் வலுவற்றதன்று. ஆனால் அச்சுருக்கத்தின் விலை பெரிது. முகில் தாக்கியதாற் கொடியவனானவன் நோயாளியே. அவனது வீழ்ச்சியில் அவனுக்குப் பங்கில்லை. பிழையை ஒப்பாத செருக்கு நீங்கியவுடன் றீட் மீதான பகைக்குப் பொருளும் நீங்கிவிடுகிறது. அவ்வெற்றிடத்தை நிரப்பவே காதற் பொறாமை கொணரப்பட்டது. அரசுரிமை பறிபோனதுஞ் சிறிய இழப்பன்று. தன் மக்களைக் காப்பவன், அவர்தம் அச்சத்துக்கும் காரணன், அண்டைநாடுகள் முறைப்படி வரவேற்கவேண்டிய மன்னன் என்னும் நிலையிலன்றோ அவனைச் சிறையிடுதலும் அரிதாகின்றது!

முகம் பற்றிய இடர் இவற்றினும் ஆழமானது. நட்சத்திர நடிகருக்குப் பெரும்பொருள் கொடுக்கும் தொழில், அவர் முகத்தை இரும்பினால் மூட உடன்படாது. ஆயினும் 1977இல் ‘ஸ்ரார் வோர்ஸ்’ டார்த் வேடரை முழுக்க மூடியே நிறுத்திற்று. உடல் டேவிட் ப்ரௌஸினது, குரல் ஜேம்ஸ் ஏர்ள் ஜோன்ஸினது. காண்போர் அஞ்சினர், பின்னர் இரங்கவுஞ் செய்தனர். வேடர் டூமின் சாயலினன் என்பது பலர் கூறக்கேட்பது. சாயலுக்கு வாய்த்தது மூலத்துக்கு வாய்க்காமற் போனது வருந்தத்தக்கது.

ஜொனதன் ஹிக்மன் 2015இல் எழுதத் தொடங்கிய ‘சீக்ரெற் வோர்ஸ்’ தொடரிலே அழிந்த உலகங்களின் எச்சங்களைத் தொகுத்துத் தானே கடவுளாகும் டூம், ஈற்றில் இவ்வாற்றலைக்கொண்டு றீட் தன்னினும் நன்றே செய்திருப்பான் என்று ஒப்புகின்றான். கல்லூரி நாளிலிருந்து மறுத்துவந்த ஒரு சொல் அது. அதன் பின்னரே அவன் முகம் குணமாகின்றது. முகமூடி கழற்றுதற்குரிய இடம் கதையில் அஃதொன்றே.

‘அவெஞ்சர்ஸ்’ வரிசையிற் றொபேட் டௌனி இனி டூமாக நடிப்பார் என்று 2024 ஜூலையில் சான் டியேகோவில் அறிவிக்கப்பட்டது. முன்னர் அயன் மேனாக உலகறிந்த முகம் அவருடையது. பச்சை அங்கியும் உலோக முகமூடியும் அணிந்து மேடையில் நின்றவர், கூட்டத்தின் ஆரவாரத்துக்கிடையே முதலிற் செய்தது முகமூடியைக் கழற்றியதே.