கைக்கெட்டும் சுக்கு

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் 1885 முதல் இருக்கிறது டப்பா செட்டி கடை. இந்த மாதிரி நாட்டு மருந்துக் கடைகளில் நான் ரசிப்பது சரக்கு அடுக்கும் சாமர்த்தியத்தைத்தான். அகர வரிசையெல்லாம் கிடையாது. நாள் முழுக்கப் போகிற சுக்கு, மிளகு, ஓமம் இடுப்பு உயரத்தில், நின்ற இடத்திலேயே எட்டும். என்றைக்கோ ஒருவர் கேட்கிற வேரும் பட்டையும் பரண் மேல். குங்குமப்பூ, கோரோசனை மட்டும் கல்லாக்காரர் கண் பார்வையில்; விலை அப்படி! தீபாவளி நெருங்கினால் லேகியச் சரக்கான கண்டந்திப்பிலியும் சித்தரத்தையும் முன்வரிசைக்கு வந்துவிடும். சேர்த்தே கேட்பார்கள், அதனால் ஒட்டியே இருக்கும். சீட்டை நீட்டினால் கை மட்டும் போய் வரும், கால் நகராது. எந்தச் சரக்கை எங்கே வைப்பது என்கிற இதையே ஒரகடம் பக்கத்துப் பெரிய கிடங்குகளில் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்கிறது. என்ன, மருந்துக் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் பாடுதான் திண்டாட்டம். பாதி டப்பாவில் பெயரே எழுதியிருக்காது.