தொண்டமான் வென்றது எங்கிருந்து?

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் பிறந்தநாளோ நினைவுநாளோ வந்தால் மலையக மேடைகளில் ஒரே பேச்சுத்தான். எதிரணியில் இருந்தபோது எல்லாவற்றையும் இழந்தோம், 1978இல் அவர் அமைச்சரவைக்குள் போனதும் மீட்டோம், ஆகவே ஆளும் கட்சியோடு ஒட்டியிருப்பதே நமக்குப் புத்தி என்கிறார்கள். இந்த வாதம் பிழையானது. அது அந்த மனிதரின் வாழ்க்கையையே தலைகீழாகப் படிக்கிறது.

அவர் பெற்றுத் தந்தவற்றை யாரும் மறுக்க முடியாது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984இல் வந்தது. நாடற்றவர்களாக நின்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டங்கள் 1986இலும் 1988இலும் வந்தன. அமைச்சுப் பதவி சில கதவுகளைத் திறந்ததும் உண்மை.

ஆனால் சம சம்பளம் வேலைநிறுத்தத்துக்குப் பிறகே வந்தது. குடியுரிமைக்கு 1986 தைப்பொங்கலன்று பிரார்த்தனைப் போராட்டம் தொடங்க வேண்டியிருந்தது. கொழுந்து பறிக்காமல் மக்கள் கோயில் வாசலில் உட்கார்ந்த பிறகே அரசு இறங்கி வந்தது. அப்போது அவர் அமைச்சராகி ஏழு ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. நாற்காலி மட்டும் போதுமென்றால் போராட்டம் எதற்கு? அமைச்சராக இருந்துகொண்டே எதிரணிக்காரராக நடந்த நாட்களில்தான் அவர் வென்றார்.

எதிரணியில் இருந்ததால்தான் இழந்தோம் என்பதும் சரியல்ல. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் வென்றார். கம்பளையில் படித்து, அங்கேயே அரசியலுக்கு வந்த தொண்டமான் நுவரெலியாவில் வென்றார். மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை இவர்கள் எதிர்த்தார்கள். மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களும் இல்லை. இதற்கு எதிரணி வரிசையைக் குற்றம் சொல்வது, சட்டத்தைக் கொண்டுவந்தவர்களை மன்னித்துவிடுவதாகும். 1952இல் பிரதமர் அலுவலக வாசலில் நடந்த சத்தியாக்கிரகம் உடனடிப் பலன் தரவில்லை. ஆனால் 1984ஐயும் 1986ஐயும் சாத்தியமாக்கிய பழக்கம் அங்கேதான் பிறந்தது.

நான் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை ஒன்று உண்டு. 1970களின் காணிச் சீர்திருத்தத்தோடு பெருந்தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1978க்குப் பிறகு தொழிலாளியின் முதலாளி அரசு. அந்த அரசின் அமைச்சரவையில் தொழிலாளியின் சங்கத் தலைவர். சம்பளம் கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே மேசையில் அமர்ந்தால், தொழிலாளியின் பக்கம் நின்று கேள்வி கேட்க எவர் மிஞ்சுவார்? அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு வாயைக் கட்டும். தொண்டமானுக்கு அதை மீறும் துணிவு இருந்தது. பின்வந்தவர்கள் அவருடைய நாற்காலியைத்தான் எடுத்துக்கொண்டார்கள், துணிவை அல்ல.

விளைவைக் கண்டியைச் சுற்றியே பார்க்கலாம். 1992இல் இலாபம் தரும் தோட்டங்களை நிர்வகிக்கும் பொறுப்பு கம்பனிகளுக்குப் போனது. கண்டி, மாத்தளைப் பக்கத்து நடுமலைத் தோட்டங்கள் பல ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் தங்கிவிட்டன. அங்கே சம்பளத் துண்டில் சேமலாப நிதிக்கென்று பணம் வெட்டப்பட்டிருக்கும். அது நிதிக்குப் போய்ச் சேராமல் நிலுவையாகிக் கிடந்தது. ஓய்வுபெற்றவர்கள் தங்கள் சொந்தப் பணத்துக்காக அலைந்தார்கள். அதே துண்டில் சங்கச் சந்தா மட்டும் பிசகாமல் வெட்டப்பட்டது. சேமலாப நிதிப் பணத்தைத் தர வேண்டியது அரசு. அந்த அரசுகளில் மலையக அமைச்சர்கள் மாறி மாறி இருந்தார்கள். 1,000 ரூபா நாட்சம்பளக் கோரிக்கையும் 2015இல் எழுந்து 2021இல்தான் நிறைவேறியது. அதுவும் கூட்டு ஒப்பந்தத்தால் அல்ல, சம்பள நிர்ணய சபை மூலம்.

அமைச்சுப் பதவி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. சங்கத் தலைமையும் அமைச்சுப் பதவியும் ஒருவரிடம் இருக்கக் கூடாது என்கிறேன். அடுத்த முறை வாக்குக் கேட்டு லயத்துக்கு வருபவரிடம் எந்த அமைச்சு கிடைக்குமென்று கேட்காதீர்கள். எதிரணியில் உட்கார நேர்ந்தால் எங்களுக்காக என்ன கேட்பீர்கள் என்று கேளுங்கள்.